ஓடும் காரில் கேமராவைப் பாதுகாப்பாகப் பொருத்துவது எப்படி? உசிலம்பட்டிச் சாலையில் எடுக்கவிருக்கும் குறும்படத்துக்கு ஆலோசனை வேண்டும்

கேள்வி: நாகமலைக் குறும்படக் குழு

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு நண்பர்கள் நாகமலைப் புதுக்கோட்டையில் இருந்துகொண்டு ஒரு குறும்படத்துக்குத் தயாராகி வருகிறோம். பணி ஓய்வு பெற்ற தந்தையும் திருமணமாகி வெளியூர் போகவிருக்கும் மகளும் மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குத் தங்கள் பழைய காரில் போகும் பயணம்தான் கதை. 18 நிமிடப் படத்தில் ஏறத்தாழ 11 நிமிடம் காருக்குள்ளேயே நடக்கிறது. தந்தை ஓட்டுகிறார், மகள் பக்கத்து இருக்கையில் இருக்கிறாள்.

மொத்தச் செலவாக 60,000 ரூபாய் வைத்திருக்கிறோம். அதில் காரில் கேமரா பொருத்தும் வேலைக்கு 8,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. இரவல் வாங்கிய மிரர்லெஸ் கேமரா லென்ஸோடு சேர்த்து 1.3 கிலோ இருக்கிறது. கார் நண்பனின் தாய்மாமாவுடையது. 12 ஆண்டு பழைய வெள்ளை ஹேட்ச்பேக்.

எங்களுக்கு வேண்டிய ஷாட்டுகள் மூன்று. பானெட்டின் மேலிருந்து முன்கண்ணாடி வழியாக இருவரையும் பார்க்கும் ஷாட் ஒன்று. இடப்பக்கக் கதவுக்கு வெளியிலிருந்து மகளின் முகமும் அதற்கப்பால் தந்தையின் முகமும் தெரியும் ஷாட் இன்னொன்று. சக்கரத்தையும் சாலையையும் தரையோடு ஒட்டிப் பார்க்கும் ஷாட் மூன்றாவது. காற்றை வெளியேற்றிப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் சக்ஷன் கப் வாங்குவதா, கண்ணாடிக் கடைகளில் பலகைக் கண்ணாடியைத் தூக்கப் பயன்படுத்தும் நெம்புகோல் வைத்த கப்பே போதுமா, அல்லது ஒரு நண்பர் சொல்வதுபோல் பம்பருக்கு முன்னால் இரும்புக் காப்பு மாட்டி அதில் சட்டம் வெல்டு வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கிறோம். கேமரா கீழே விழுந்தால் ஈடுகட்ட எங்களிடம் பணம் இல்லை என்பது ஒரு கவலை. பின்னால் வருகிற இருசக்கர வாகனக்காரர் மீது அது விழுந்தால் என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய கவலை. சித்திரை மாதத்தில் எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பதில்: ஒளிப்பதிவு உதவியாளர், கே.கே. நகர்

தம்பி, இரண்டாவதாக நீங்கள் எழுதியிருக்கும் கவலை சரியானது. மற்ற எல்லா முடிவும் அதிலிருந்தே தொடங்க வேண்டும். 14 ஆண்டுகளாக ஒளிப்பதிவு உதவியாளராக வேலை செய்கிறேன். ஒருமுறை சுற்றுச்சாலையில் 45 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது பானெட்டிலிருந்த மூன்று கப்பில் ஒன்று பிடி விட, அடுத்த நொடியில் மற்ற இரண்டும் விட்டன. கேமரா சாலையில் விழாமல் பாதுகாப்புக் கயிற்றில் தொங்கி பம்பரில் மோதி நின்றது. லென்ஸ் உடைந்தது, யாருக்கும் அடிபடவில்லை. அந்தக் கயிற்றைக் கட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் வண்டி ஓட்டுநர். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. அன்றிலிருந்து கயிறு இல்லாமல் எந்த வண்டியையும் நான் நகர விட்டதில்லை.

சக்ஷன் கப் ஒட்டுவதில்லை. உள்ளேயிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டபின் வெளிக்காற்று அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கப்பின் பரப்பு 177 சதுர சென்டிமீட்டர். ஆகவே கணக்கின்படி ஒரே கப் 180 கிலோவைக்கூடத் தாங்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். முழு வெற்றிடம் எந்தக் கைப்பம்பிலும் கிடைக்காது. எடையும் நேராக மேல்நோக்கி இழுப்பதில்லை. கப்பையும் கேமராவையும் இணைக்கும் குழாய்க் கை 40 சென்டிமீட்டர் நீளமிருந்து, அதன் நுனியில் கேமரா இருக்கும்போது அது கப்பின் ஒரு விளிம்பை மட்டும் உரித்தெடுப்பதுபோல் நெம்புகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் கணத்தில் 1.3 கிலோ கேமரா நான்கைந்து கிலோ போல் இழுக்கும். ஆகவே கையை எவ்வளவு குட்டையாக வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. மூன்று கப்புகளை முக்கோணமாக வைத்து, மூன்றிலிருந்தும் குழாய்கள் கேமராவில் வந்து சேருமாறு அமைத்தால், எந்தப் பக்கம் நெம்பினாலும் ஒரு கால் அமுக்கத்திலும் மற்றொரு கால் இழுப்பிலும் நின்று பிடித்துக்கொள்ளும்.

கண்ணாடிக் கடைக் கப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அது கண்ணாடியைத் தூக்கி இரண்டு நிமிடத்தில் இறக்கி வைப்பதற்கென்று செய்தது. நெம்புகோலை மடக்கினால் பிடித்துக்கொள்ளும். உள்ளே காற்று கசிந்துகொண்டிருந்தாலும் வெளியில் தெரியாது. பம்பு வைத்த கப்பில் பம்புத் தண்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். காற்று நுழைய நுழையத் தண்டு வெளியே வந்து கோடு கண்ணில் படும்; உடனே மறுபடி அழுத்திக்கொள்ளலாம். கசிவை நமக்குச் சொல்லும் கப்புக்கும் சொல்லாத கப்புக்கும் இருக்கும் வித்தியாசம் மிகப் பெரிது. விலைக்கு வாங்க முடியாவிட்டால் நாள் வாடகைக்கு எடுங்கள். நெம்புகோல் கப்பைக் காருக்குள்ளே கண்ணாடியில் சிறிய விளக்கு பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இதற்கு இரண்டு எதிரிகள்: வெயிலும் புழுதியும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் பானெட்டில் கை வைக்க முடியாது. கீழிருந்து என்ஜின் சூடும் சேர்ந்துகொள்கிறது. சூட்டில் ரப்பர் இளகும். கப்புக்குள் மிஞ்சியிருக்கும் காற்று விரிவடைந்து பிடியைக் குறைக்கும். உச்சி வெயிலுக்குத் தயாராக நிற்காதீர்கள். காரை முந்தின இரவே கூரையின் கீழ் நிறுத்தி, விடியும் முன் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த மெல்லிய துணியால் மறுபடி துடைத்து, அதன்பிறகு கப்பை வையுங்கள். பாலிஷ் போட்ட வண்டியாக இருந்தால் பாலிஷ் முழுவதும் போக வேண்டும். கப்பின் உதட்டையும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். ஒரே ஒரு மணல் துகள் போதும், காற்று உள்ளே போக வழி கிடைத்துவிடும்.

பானெட்டின் நடுவில் கப் வைக்கக் கூடாது. அது மெல்லிய தகடு. எடை ஏறினால் உள்வாங்கும், வண்டி ஆடும்போது டப்பாபோல் துடித்துப் படத்தையும் நடுங்க வைக்கும். பானெட்டைத் திறந்து கீழ்ப்பக்கம் பாருங்கள். விலா எலும்பு போன்ற கம்பித் தகடுகள் ஓடும். அவற்றின் நேர்மேலே, ஓரங்களை ஒட்டி கப்புகள் உட்கார வேண்டும். ஸ்டிக்கர் மேலும், பட்டி வைத்து மறுபெயின்ட் அடித்த இடத்திலும் வைக்காதீர்கள். பெயின்ட் தோலோடு உரிந்து வரும். மாமாவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனிப் படத்தைப் பற்றி. முன்கண்ணாடியில் வானம் பிரதிபலித்து முகங்களை மறைப்பதுதான் பானெட் ஷாட்டின் முதல் தொல்லை. கண்ணாடிப் பரப்பில் ஏறத்தாழ 56 பாகை சாய்வில் வந்து பிரதிபலிக்கும் ஒளியைப் போலரைசர் ஃபில்டர் பெருமளவுக்கு வெட்டிவிடும். இப்போதைய ஹேட்ச்பேக்குகளின் முன்கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருப்பதால், பானெட்டிலிருந்து கிடைமட்டமாகப் பார்க்கும் கேமராவுக்கு அந்தக் கோணம் கிட்டத்தட்டத் தானாகவே அமைந்துவிடுகிறது. நிமிர்ந்த கண்ணாடி வைத்த பழைய அம்பாசிடரில் இந்தப் பயன் இவ்வளவு கிடைக்காது. ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முகம் தெளியும் இடத்தில் நிறுத்தி நாடா ஒட்டிவிடுங்கள். ஆனால் பிரதிபலிப்பை முழுவதும் துடைத்துவிடாதீர்கள் என்பது என் விருப்பம். புளியமரக் கிளைகள் கண்ணாடியில் ஊர்ந்து போவதும் அதற்குக் கீழே மகளின் முகம் தோன்றி மறைவதும் உங்கள் கதைக்கு வேண்டியதுதான் என்று நினைக்கிறேன். பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக எடுக்கும்போது போலரைசர் போட்டால் புள்ளி புள்ளியாகவும் நிறப் பட்டைகளாகவும் தெரியும். அது கண்ணாடியைப் பதப்படுத்தும்போது அதற்குள் ஏற்படும் இறுக்கத்தின் (தகைவின்) தடம். அங்கே கண்ணாடியை இறக்கிவிட்டு, ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

ஓடும்போது ஃபோகஸ் திருப்ப ஆள் இருக்க முடியாது. முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸின் துளை அளவை எஃப் 5.6இல் வைத்து 1.6 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 1.1 மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். இருவர் முகமும் அதற்குள் அடங்கிவிடும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். கண்ணாடியில் ஓடும் மரத்தைப் பார்த்து அது அலையும். ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடியாக வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மாலையில் தெருவிளக்குகள் குறுக்கிட்டாலும் பெரும்பாலும் சிமிட்டல் வராது. சிறு அதிர்வுகளும் இழைந்து மங்கிவிடும். பகல் வெளிச்சம் அதிகமாக இருக்குமே என்றால், போலரைசரே ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதிக்கும் மேல், குடித்துவிடும்.

கடைசியாகச் சூரியன். உசிலம்பட்டி மதுரைக்கு மேற்கே இருக்கிறது. மேற்கு நோக்கிப் போகும் காரின் பானெட்டில் இருக்கும் கேமரா கிழக்கைப் பார்க்கும். காலையில் சூரியன் அவர்களுக்குப் பின்னாலிருந்து வரும். மாலையில் அவர்கள் முகத்தில் விழும். மாலை வெளிச்சம் முகத்துக்கு அழகு என்று தோன்றும், ஆனால் கண்ணாடியில் இருக்கும் ஒவ்வொரு தூசியும் அப்போது ஒளிரும், ஓட்டுபவருக்கும் கண் கூசும். காலை சூரியன் எழுந்ததிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் எடுங்கள். மகளின் மடியில் கேமராவுக்குத் தெரியாமல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டால் முகத்துக்குப் போதுமான வெளிச்சம் கீழிருந்து எழும்பும். அந்த நேரத்தில் சாலையிலும் கூட்டம் குறைவு.

பதில்: பட்டறைக்காரர், திருமங்கலம்

வணக்கம். பம்பருக்கு முன்னால் இரும்புக் காப்பு மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுக்கு அது முரணானது என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. மோதல் ஏற்பட்டால் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதியை அந்தக் காப்பு நசுங்க விடாது. பாதசாரிக்கும் அது கொடியது. அதில் கேமராச் சட்டத்தையும் வெல்டு வைத்தால் ஆபத்து இரண்டு மடங்காகும்.

இடப்பக்கக் கதவு ஷாட்டுக்குச் சக்ஷன் கப்பே தேவையில்லை. சன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, கதவின் மேல்விளிம்பில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் ஒரு தட்டு செய்துவிடலாம். மேலே இரண்டு கொக்கிகள் விளிம்பைப் பிடிக்கும். கீழே ஒரு கால் கதவுத் தகட்டில் சாய்ந்து நிற்கும். எடை முழுவதும் கதவின் உறுதியான விளிம்பில் இறங்கும். தொடும் இடமெல்லாம் பழைய டயர் ட்யூபை வெட்டிச் சுற்றிவிட்டால் பெயின்ட்டும் கீறாது, அதிர்வும் குறையும். கைப்பிடியை நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட்டைத் தட்டின் மேலாகப் போட்டு, காருக்குள்ளே இருக்கையின் அடிச்சட்டத்தில் இழுத்துக் கட்டி இறுக்க வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், அது இழுபடும். பாலியெஸ்டர் பெல்ட் இழுபடுவது குறைவு.

ஓர் அங்குலச் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம், அலுமினியத்தில் மீட்டருக்கு அரை கிலோ. இரும்பில் ஏறத்தாழ ஒன்றரை கிலோ. தட்டுக்கு மூன்று மீட்டர் ஆகும். ஆகவே அலுமினியம் எடுங்கள். சாதாரண வெல்டிங்கில் அலுமினியம் பிடிக்காது, ஆர்கான் வெல்டிங் வேண்டும். அதற்குப் பணம் கொடுப்பதைவிட மூலைகளில் தகடு வைத்துப் போல்ட் போட்டு, அதிர்வில் கழலாத நைலாக் நட்டால் முடுக்குவதே மேல். பிரித்துப் பையில் வைத்துக்கொள்ளவும் முடியும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் கேமரா கெட்டுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். கேமராவின் அடியிலுள்ள துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. நம் ஊர்க் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பது எம் 6 போல்ட். அதன் குறுக்களவு 6 மில்லிமீட்டர். கால் அங்குலம் என்பது 6.35. புரியின் இடைவெளியும் வேறு. எம் 6 போல்ட் உள்ளே போகும், இரண்டு சுற்று முடுக்கினால் பிடித்ததுபோலவும் இருக்கும். ஆனால் அது புரியின் நுனியை மட்டுமே கவ்வியிருக்கிறது. முதல் வேகத்தடையில் புரியை அரித்துக்கொண்டு கழன்று வந்துவிடும். கால் அங்குல போல்ட் என்று சொல்லிக் கேட்டு, கையால் முழுவதும் சுற்றிப் பார்த்து, ஆட்டம் இல்லை என்று தெரிந்தபின் வாங்குங்கள். போல்ட் கேமராவுக்குள் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தால் அடித்தளத்தைக் குத்தும்.

ஒளிப்பதிவு உதவியாளர் ஐயா சொன்ன பாதுகாப்புக் கயிற்றுக்கு ஒரு சேர்க்கை. அதைக் கேமராவைத் தாங்கும் மவுண்டில் கட்டாதீர்கள். மவுண்டே விழும்போது கயிறும் சேர்ந்துதான் போகும். கேமராவைச் சுற்றி ஒரு கூண்டு போட்டு, மெல்லிய எஃகுக் கம்பிவடத்தைக் கூண்டிலிருந்து நேராக வண்டியின் உறுதியான ஓரிடத்துக்கு, பானெட் கீல் அல்லது இருக்கைச் சட்டத்துக்குக் கொண்டுபோங்கள். தளர்வு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். தளர்வு கூடக் கூட விழும் வேகம் கூடி, வடம் இறுகும் கணத்தில் வெட்டி இழுக்கும்.

பதில்: வாடகைக் கார் ஓட்டுநர், செக்கானூரணி

எல்லோரும் கேமரா விழாமல் இருப்பதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வண்டி ஓட்டுபவரைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அந்தச் சாலையில் 22 ஆண்டுகளாக ஓட்டுகிறேன். பல்கலைக்கழகத்தைத் தாண்டியதிலிருந்து செக்கானூரணி, கருமாத்தூர் என்று ஊருக்கு ஊர் பள்ளிப் பிள்ளைகள், ஆடுமாடுகள், திடீரென்று குறுக்கே திரும்பும் ஷேர் ஆட்டோக்கள். தந்தையாக நடிப்பவர் வசனத்தை நினைவில் வைத்துக்கொண்டு, மகளின் பக்கம் திரும்பிப் பார்த்துக் கண்கலங்கிக்கொண்டு, அதே நேரத்தில் பிரேக்கில் கால் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். இது நடக்காது; நடக்கவும் கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். மகளின் முகத்தை அவர் இரண்டு நொடி பார்த்தால், 22 மீட்டர் தூரத்தைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறார்.

பானெட்டில் கேமரா வைத்தால் அது இடப்பக்கம், மகளுக்கு நேராக இருக்கட்டும். வலப்பக்கம் ஓட்டுபவரின் பார்வை சிறிதும் மறையக் கூடாது. நடுவில் வைத்தால்கூட இடப்பக்கச் சந்திலிருந்து வரும் சைக்கிள் தெரியாது. கதவுத் தட்டு ஓர் அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கக் கண்ணாடியையும் மறைக்கும். நம் ஊரில் இருசக்கர வாகனங்கள் இடப்பக்கம் புகுந்து முந்துவது வழக்கம். அந்தத் தட்டை மாட்டிக்கொண்டு பொதுச்சாலையில் போகவே கூடாது என்பது என் கருத்து. தெரிந்தவர்களின் ஆலை வளாகமோ, தோப்புக்குள் போகும் சொந்தப் பாதையோ இருந்தால் அங்கே 15 கிலோமீட்டர் வேகத்தில் எடுங்கள். சன்னலுக்கு அப்பால் மரம் ஓடினால் படத்தில் வேகமாகத்தான் தெரியும்.

முன்பக்கப் பயணி ஏர்பேக் உள்ள வண்டி என்றால் டேஷ்போர்டின் மேல் அந்த இடத்தில் எதையும் பொருத்தாதீர்கள். பை விரியும்போது அங்கிருக்கும் பொருள் மகளாக நடிப்பவரின் முகத்தில்தான் போய் மோதும். படத்தில் அழகாக இல்லை என்று சீட் பெல்ட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

அனுமதியைப் பற்றியும் சொல்கிறேன். நகர எல்லைக்குள் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம். அதைத் தாண்டினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லை. உங்கள் சாலை இரண்டிலும் வருகிறது, அதோடு அது தேசிய நெடுஞ்சாலையும்கூட. சித்திரைத் திருவிழாவை ஒட்டி மனுக் கொடுத்தால் கவனிக்க ஆள் இருக்க மாட்டார்கள். மீனாட்சி திருக்கல்யாணம், தேர், அழகர் வைகையில் இறங்குவது என்று எல்லாக் காவலரும் பந்தோபஸ்தில் இருப்பார்கள். திருவிழா முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தேதி வையுங்கள். ஆடிக்குத் தள்ளிவிடாதீர்கள், அப்போது கம்பம் கணவாயிலிருந்து வரும் காற்று அந்தச் சாலையில் புழுதியை வாரி இறைக்கும்.

பதில்: படத்தொகுப்பாளர், திருநகர்

ஓட்டுநர் ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். படத்தொகுப்பு மேசையிலிருந்து பார்த்தாலும் அதுவே சரி. 11 நிமிடத்தையும் ஓடும் வண்டியில் எடுக்கத் தேவையில்லை. தந்தை மகளைப் பார்த்துப் பேசும் நெருக்கமான ஷாட்டுகளை நிற்கும் காரில் எடுங்கள். பின்பம்பருக்குக் கீழே துணி சுற்றிய ஒரு மரப்பலகையைக் கொடுத்து ஒருவர் நெம்புகோல்போல் மெல்ல ஆட்டினால் போதும். வேப்பங்கிளைகளை இரண்டு பேர் சூரியனுக்கும் காருக்கும் இடையில் பிடித்துக்கொண்டு நடந்தால் நிழல் முகத்தில் ஓடும். சன்னலுக்கு வெளியே தெரியும் காட்சிக்குத்தான் சிக்கல். கேமராவைச் சற்றுத் தாழ்வாக வைத்துச் சன்னலில் வானம் மட்டும் தெரியும்படி எடுக்கலாம். அல்லது மாலை மங்கியபின், மண்டபங்களுக்கு வாடகைக்கு விடும் எல்இடி திரையில் நீங்களே எடுத்த சாலைக் காட்சியை ஓடவிடலாம். திரையை மூன்று மீட்டர் தள்ளி வைத்து, ஃபோகஸுக்கு வெளியே விட்டால் புள்ளிகள் தெரியாது. ஆனால் திரை வாடகை உங்கள் செலவுக்குள் அடங்குமா என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிளையும் வானமுமே போதும் என்று தோன்றுகிறது.

ஓடும் வண்டியில் எடுக்க வேண்டியவை, இருவரும் பேசாமல் இருக்கும் இடங்கள். அந்த மௌனம் நிஜச் சாலையில் இருக்கட்டும். பானெட் ஷாட் 40 நொடி வந்தால், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் காரில் எடுத்தவற்றைப் பார்வையாளர் சந்தேகிக்க மாட்டார்.

சக்கர ஷாட்டுக்குக் கைபேசியை வைக்காதீர்கள். லென்ஸுக்குள் படத்தை நிலைப்படுத்தும் நுண்ணிய காந்த அமைப்புகள் தொடர் அதிர்வில் கெட்டுப்போகக்கூடும். மோட்டார் சைக்கிள் அதிர்வைப் பற்றி ஆப்பிள் நிறுவனமே 2021இல் தன் வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள ஆக்‌ஷன் கேமரா ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்குங்கள். அதையும் கம்பிவடத்தில் கட்டுங்கள். 150 கிராம் என்றாலும் பின்னால் வருபவரின் முகத்துக்கு அது கல்தான்.

ஒலியைப் பற்றி ஒரே வரி: ஏசியை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, சிறிய மைக்கை நடிகர்களின் சட்டைக்குள் வைத்து, அதே வசனத்தை நிறுத்திய காரில் உடனே இன்னொரு முறை பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: நாகமலைக் குறும்படக் குழு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இடையில் சொன்னவற்றைச் செய்துபார்த்தோம்.

வசனத்தை மறுபடி உட்கார்ந்து பிரித்தோம். ஓடும் காரில் எடுக்க வேண்டியது 11 நிமிடத்திலிருந்து 2 நிமிடம் 20 நொடியாகக் குறைந்துவிட்டது. அந்த இரண்டு நிமிடத்திலும் தந்தைக்கு வசனமே இல்லை. அவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டுகிறார், மகள் அவரைப் பார்க்கிறாள். எழுதியபோது இருந்ததைவிடக் காட்சி நன்றாக வந்திருப்பதாக எங்கள் நால்வருக்கும் தோன்றுகிறது. கதவு ஷாட்டை நண்பனின் உறவினருடைய தென்னந்தோப்புப் பாதையில் எடுக்க அனுமதி வாங்கிவிட்டோம். பானெட் ஷாட்டுக்கான மனுவைத் திருவிழா முடிந்ததும் இரண்டு அலுவலகங்களிலும் கொடுக்கிறோம்.

பம்பு வைத்த மூன்று கப்புகளை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, கேமராவை வைக்காமல், 1.5 கிலோ மணலைப் பையில் கட்டிப் பொருத்தி, தோப்புப் பாதையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். காலை 6 மணிக்குப் பொருத்தினோம். முதல் 15 நிமிடம் மூன்று கப்பிலும் கோடு தெரியவில்லை. 25ஆவது நிமிடத்தில் வலப்பக்கப் பின் கப்பில் மட்டும் கோடு முழுவதும் வெளியே வந்துவிட்டது. மீண்டும் அழுத்தியதும் பத்து நிமிடத்தில் மறுபடி வந்தது. கப்பை மாற்றிப் போட்டுப் பார்த்தோம், அதே இடத்தில் வைத்த வேறு கப்பும் கசிகிறது. மற்ற இரண்டும் 50 நிமிடம் வரை அசையவில்லை. அந்த இடம் பார்வைக்கு மற்ற இடங்களைப் போலவே இருக்கிறது. என்ன காரணமாக இருக்கும்?

பதில்: ஒளிப்பதிவு உதவியாளர், கே.கே. நகர்

மணல் பையை வைத்துச் சோதித்தது மிக நல்ல வேலை, தம்பி. கப்பை மாற்றியும் கசிவு அதே இடத்தில் இருப்பதால் குறை கப்பில் இல்லை, தகட்டில் இருக்கிறது. 12 ஆண்டு வண்டி என்கிறீர்கள். அந்த மூலையில் எப்போதோ அடிபட்டுப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருக்கலாம். மாமாவிடம் கேளுங்கள். அவருக்கும் நினைவில்லையென்றால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி மெல்ல நகர்த்திப் பாருங்கள். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. பட்டி இல்லையென்றால், காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் அந்தப் பரப்பைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்; கல் பட்ட சிறு குழியோ மயிரிழை போன்ற வெடிப்போ கண்ணில் படும்.

எதுவாக இருந்தாலும் அந்தக் கப்பை ஓரங்குலம், இரண்டங்குலம் நகர்த்திச் சமாளிக்காதீர்கள். ஒரு சாண் முன்னால், ஹெட்லைட்டுக்குப் பின்னிருக்கும் விலாத் தகட்டின் மேல் கொண்டுவாருங்கள். முக்கோணம் சற்று ஒடுங்கும், அதற்கு ஈடாகக் கையை இன்னும் பத்து சென்டிமீட்டர் குறைத்துவிடுங்கள். மறுபடி மணல் பையோடு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மூன்று கோடும் உள்ளேயே இருந்தால் கேமராவை ஏற்றலாம்.

பதில்: பட்டறைக்காரர், திருமங்கலம்

கதவுத் தட்டை வெள்ளிக்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள்ளலாம். குழாய்க்கும் போல்ட்டுக்கும் ஆன செலவை மட்டும் கொடுத்தால் போதும். வரும்போது காரையும் கொண்டுவாருங்கள். கொக்கியின் வளைவைக் கதவில் மாட்டிப் பார்த்துத்தான் கடைசியாக முடுக்க வேண்டும்.